பதினேழாம் எண் சிங்கம்

மாமல்லபுரத்திலிருந்து புதுப்பட்டினம் போகிற வழியில், சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில், கடலைப் பார்த்தபடி ஒரு மாளிகை கட்டினார்கள். கட்டியது கட்டடக்கலைக் கண்காட்சி வாரியம். எழுபத்தொன்றில் கடைக்கால் போட்டு எழுபத்து நாலில் பூச்சு வேலை முடிந்தது. அதற்குள் வாரியத்துக்கு மூன்று தலைவர்கள் வந்து போய்விட்டார்கள். மூன்று பேருக்கும் கட்டடக்கலையில் ஆர்வம் உண்டு என்பதுதான் அந்த மாளிகையின் தலையெழுத்து.

முதல் தலைவர், பல்லவர் மண்ணில் பல்லவர் பாணியைத் தவிர வேறெதுவும் கூடாது என்றார். அதனால் முகப்பில் சிங்கத் தூண்கள் வந்தன. தூண்களில் சிங்கம் இருந்தால் கைப்பிடிச் சுவரின் மேலும் இருக்க வேண்டும் என்று மொட்டை மாடியைச் சுற்றி நாற்பது சிங்கங்களைச் சிமெண்டில் வார்த்து உட்கார வைத்தார்கள். இரண்டாம் தலைவர் ஒரு மாதம் வெளிநாடு போய், இரும்பாலும் கண்ணாடியாலும் கட்டிய கண்காட்சி மாளிகைகளைப் பார்த்துவிட்டு வந்தவர். கண்ணாடிக் குவிமாடம் வேண்டும் என்றார். கண்ணாடிக்கு அனுமதி கிடைக்கவில்லை. சிமெண்டிலேயே குவிமாடம் கட்டி, கண்ணாடி மாதிரி தெரிய நீலச் சாயம் அடித்தார்கள். மூன்றாம் தலைவர் தஞ்சாவூர்க்காரர். குவிமாடத்தின் தலையில் பெரிய கோயிலில் இருப்பது மாதிரி ஒரு விமானத்தை ஏற்றினார்.

உள்சுவர்களில் ஓவியம் தீட்டத் திட்டம் இருந்ததால் சன்னல் வைக்கவில்லை. சன்னல் இல்லாததால் உள்ளே இருட்டு. இருட்டில் ஓவியம் தெரியாது என்பதால் ஓவியம் தீட்டவில்லை.

இளநிலைப் பொறியாளர் ஒருவர் மட்டும், மேலே இருக்கும் சிங்கங்களுக்குள் கம்பி இல்லை, கடல் காற்றுக்கு நிற்காது என்று எழுதினார். பல்லவர் காலத்துச் சிங்கங்களில் கம்பி இருந்ததாகக் கல்வெட்டு ஆதாரம் இல்லை என்று குழு பதில் எழுதியது. பொறியாளரை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். சிங்கங்களின் முதுகில் வெள்ளைச் சாயத்தால் ஒன்று முதல் நாற்பது வரை எண் போட்டார்கள். எண் இல்லாத பொருள் வாரியத்தின் சொத்தாகாது.

அந்த மாளிகைக்கு, கட்டட வேலை நடக்கும்போதே காவலாளியாக வந்தவன் ஜம்புலிங்கம். முன்பு செங்கல்பட்டில் ஓர் அரிசி ஆலை வாசலில் உட்கார்ந்திருந்தவன். முப்பத்தெட்டு வயது, தற்காலிக வேலை. நிரந்தரமானால் மாளிகைக்குப் பின்னால் கட்டிப் பூட்டி வைத்திருக்கும் குடியிருப்பைக் கொடுப்பார்கள். அதுவரை அவன் மனைவி சரோஜா திருக்கழுக்குன்றத்தில் அண்ணன் வீட்டில் அண்ணிக்கு அடங்கி இருந்தாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பான். போகும்போதெல்லாம் அவள் கேட்பது ஒன்றுதான். இவன் சொல்லும் பதிலும் ஒன்றுதான். தை பிறக்கட்டும் என்பான். மூன்று தை பிறந்துவிட்டது.

மாளிகையின் பெரிய கதவு பதினெட்டு அடி உயரம், தேக்கு. சாவி ஜம்புலிங்கத்திடம் இருந்தது. அதைத் தினமும் எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும் என்பது விதி. தனி அலுவலரின் எழுத்து மூலமான ஆணையின்றிப் பூட்டில் நுழைக்கக் கூடாது என்பதும் விதி. திறப்பு விழாவுக்குத் தேதி அமையவில்லை. தேதி அமைந்தபோது தலைவர் மாறினார். தலைவர் அமைந்தபோது உள்ளே வைக்கப் பொருள் இல்லை. பொருள் வைத்தால் கட்டடத்தின் அழகு மறைந்துவிடும் என்று ஒரு குழு சொன்னது. கட்டடமே கண்காட்சி என்று இன்னொரு குழு தீர்மானம் போட்டது.

மாதம் ஒருமுறை ஜம்புலிங்கம் ஒரு படிவம் நிரப்பி அனுப்புவான். சிங்கங்கள் நாற்பது, நல்ல நிலை. பார்வையாளர், இல்லை. ஒரு மாதம் வாரியத்தின் செங்கல்பட்டு அலுவலகத்திலிருந்து, பார்வையாளர் ஏன் இல்லை என்று விளக்கம் கேட்டார்கள். கதவு பூட்டியிருப்பதால் என்று எழுதினான். காரணம் கூறும் அதிகாரம் காவலாளிக்கு வழங்கப்படவில்லை என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவன் காரணம் எதுவும் எழுதவில்லை. எதைப் பற்றியும் காரணம் யோசிப்பதையே விட்டுவிட்டான். அது சௌகரியமாகத்தான் இருந்தது.

மாளிகைக்கு வடக்கே, கூப்பிடு தூரத்தில், ஐம்பத்தாறு வீடுகள் கொண்ட மீனவர் குப்பம் இருந்தது. அங்கே காத்தவராயன் என்று ஒருவன், சொந்தக் கட்டுமரம் வைத்திருந்தான். அவன் மனைவி பூவாயி அணுமின் நிலையத்து ஆட்களுக்குப் புதுப்பட்டினம் சந்தையில் மீன் விற்பாள். ஜம்புலிங்கத்துக்கு மத்தியானச் சோறு அவர்கள் வீட்டில்தான். மாளிகைப் படியில் குப்பத்தார் உட்காரக் கூடாது என்று பலகை மாட்டியிருந்ததால், காத்தவராயன் படிக்குக் கீழே மணலில் குந்திக்கொண்டு பேசுவான்.

"இன்னா அண்ணாத்த, இன்னிக்கு எத்தினி பேரு வந்து பாத்தாங்கோ?"

"யாருமில்ல."

"கட்டுமரத்துல இருந்து பாத்தா மூணு பேரு ஒரே தொப்பிக்கு அடிச்சிக்கிற மாதிரி கீது. நாங்க தெனம் பாக்கிறோமே, எங்கள எழுதிக்கயேன்."

"உள்ள வந்து பாத்தாதான் கணக்கு."

"அப்ப தொறந்து வுடு."

இருவரும் சிரிப்பார்கள். அப்படி ஒரு வருஷம் போயிற்று.

எழுபத்தைந்து ஐப்பசியில் ஒரு நாள் காலை, ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று சாலையில் வந்தது. மாலைக்குள் புயல் கரையைக் கடக்கும், கடலோரத்தில் இருப்பவர்கள் உறுதியான கட்டடங்களுக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போய்விட்டது. சுற்று வட்டாரத்தில் உறுதியான கட்டடம் ஒன்றுதான். பதினோரு மணிக்குள் குப்பம் முழுவதும் பாய், பானை, கோழிகளுடன் மாளிகைப் படிக்கு வந்து சேர்ந்தது. பலகையைப் படிக்கத் தெரிந்தவர்கள் படிக்குக் கீழே நின்றார்கள். மழை வலுத்ததும் அவர்களும் ஏறினார்கள்.

"கதவத் தொற அண்ணாத்த. புள்ளைங்க நனையுது," என்றாள் பூவாயி.

"ஆர்டர் இல்லாம தொறக்கக் கூடாதும்மா. போன் போட்டுக் கேட்டுகினு வந்துடறேன்."

எதிர்காற்றில் சைக்கிளை மிதித்து மாமல்லபுரம் தபால் ஆபீசுக்குப் போக அவனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. டிரங்க் கால் கிடைக்க இன்னும் ஒரு மணி நேரம். செங்கல்பட்டில் கண்காணிப்பாளர் திருவேங்கடம் பேசினார்.

"ஐயா, புயல் வருதுங்க. குப்பத்து ஜனங்க இருநூறு பேருக்கு மேல படியில நிக்கிறாங்க. கதவத் தொறக்கணுங்க."

"திறப்பு விழா தேதி இன்னும் முடிவாகலையே."

"விழாவுக்கு இல்லைங்க ஐயா. உள்ள ஒதுங்க."

"அது எனக்கும் புரியுதுய்யா. இன்னிக்கு நீ திறந்துட்டா, அன்னிக்கு வர்றவர் எதைத் திறப்பார்? திறந்த கதவையா திறப்பார்?"

காரணம் சொல்லும் அதிகாரம் ஜம்புலிங்கத்துக்கு இல்லை.

"தனி அலுவலர் மெட்ராஸ்ல ஒரு கருத்தரங்குல இருக்கார். 'மக்களுக்கான கட்டடக்கலை.' முடிஞ்சதும் குறிப்பு வைக்கிறேன். எழுத்து மூலமா ஆணை வரும். அதுவரைக்கும் படியில நிக்கட்டும். படியில உட்காரவும் தடை இருக்கு, ஆனா நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துடறேன்." படி அவர் கண்ணுக்கு இருபது மைல் தள்ளி இருந்தது. "அப்புறம், உன் நிரந்தர ஆணை என் மேசை மேலதான் இருக்கு. கையெழுத்துக்குப் போற நேரம். பார்த்து நடந்துக்கோ."

திரும்பி வரும்போது காற்று முதுகில் அடித்ததால் சைக்கிள் தானாக ஓடியது. மணி மூன்றிருக்கும். கடல் கறுத்து, குப்பத்தின் கிழக்கு வரிசை வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. படி முழுக்கத் தலைகள். காத்தவராயன் பாய்மரத் துணியை விரித்து, பெண்களையும் பிள்ளைகளையும் கதவை ஒட்டிக் காற்றுப் படாத மூலையில் நெருக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சொன்னாங்கோ அண்ணாத்த?"

"ஆர்டர் வரும்னாங்க."

"எப்போ?"

"எழுதி வரணும்."

காத்தவராயன் சாலையைப் பார்த்தான். சவுக்கு மரங்கள் சாலையின் குறுக்கே விழுந்து கிடந்தன. "சரி. நீ இன்னா பண்ணுவ," என்று சொல்லிவிட்டுத் துணியின் முனையைப் பிடிக்கப் போனான். அவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு ஜம்புலிங்கம் பல தடவை நினைத்தான். அப்போது எதுவும் நினைக்கவில்லை. இடுப்பில் சாவி செருகியிருந்தது. ஈரத்தில் சில்லென்று இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம், வராத ஆணைக்காக நின்றான். தை மாதத்தைப் பற்றியும் சரோஜாவைப் பற்றியும் நினைத்தானா என்றால், அதுவும் இல்லை. நிற்கச் சொன்ன இடத்தில் நின்று நின்று அவனுக்குப் பழகியிருந்தது.

நாலு மணிக்கு மேல் ஒரு காற்று அடித்தது. மேலிருந்து பதினேழாம் எண் சிங்கம் விழுந்தது. சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. யாரோ மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது. துணியின் முனையைப் பிடித்திருந்த காத்தவராயன் அதற்கடியில் கிடந்தான்.

யாரும் அலறவில்லை. அலறியிருந்தாலும் அந்தக் காற்றில் கேட்டிருக்காது. ஜம்புலிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சாவியைப் பூட்டில் நுழைத்தான். தினமும் எண்ணெய் போட்ட சாவி. கதவைத் திறக்க எவ்வளவு நேரம் ஆனது என்று பிறகு விசாரணையில் கேட்டார்கள். ஒரு நிமிஷம் என்று சொன்னான்.

நாலு பேர் காத்தவராயனைத் தூக்கி வந்து குவிமாடத்துக்கு நேர் கீழே கிடத்தினார்கள். கட்டி முடித்து ஒரு வருஷம் ஆகியும் ஒன்றும் வைக்கப்படாத அந்த மண்டபத்தில், முதன்முதலாக வைக்கப்பட்டது அவன்தான்.

இரவெல்லாம் காற்று அடித்தது. கட்டடம் அசையவில்லை. விடிந்து வெளியே வந்து பார்த்தபோது குப்பம் இருந்த இடத்தில் வெறும் மணல் இருந்தது. காத்தவராயனைத் தவிர உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் உயிர் இருந்தது. ஜம்புலிங்கம் வாசலில் நின்று, வெளியே வருகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணினான். ஏன் எண்ணினான் என்று அவனுக்கே தெரியவில்லை. கை சும்மா இருக்க முடியாமல் விரலை மடக்கியது.

மூன்றாம் நாள் இரண்டு கார்கள் வந்தன. தனி அலுவலர் பக்தவச்சலமும் கண்காணிப்பாளர் திருவேங்கடமும் வந்தார்கள். பக்தவச்சலம் நேராகச் சிங்கத்திடம் போனார். அது நாலு துண்டாகக் கிடந்தது. அவருக்குக் குடை பிடித்தார்கள். குனிந்து முதுகுத் துண்டில் எண்ணைப் படித்தார். பிறகு படியிலேயே நாற்காலி போட்டு விசாரணை தொடங்கியது.

"விழறதுக்கு முன்னாடி சிங்கத்தோட முகம் எந்தப் பக்கம் இருந்தது?"

"கடல் பக்கங்க."

"விழுந்த பிறகு?"

"காத்தவராயன் மேலங்க."

"ஆளைக் கேட்கலை. திசையைக் கேட்டேன்."

"மேக்குங்க ஐயா."

மேற்கு என்று எழுதிக்கொண்டார்கள். சிங்கத்தை யாராவது தொட்டார்களா, அதன்மேல் வலை, துணி முதலியன காயவைக்கப்பட்டனவா, அது விழும் என்று காவலாளிக்கு முன்கூட்டியே தெரியுமா, தெரிந்தால் ஏன் படிவத்தில் 'நல்ல நிலை' என்று எழுதினான் என்றெல்லாம் கேட்டார்கள். பிறகு திருவேங்கடம் கதவு விஷயத்துக்கு வந்தார்.

"ஆணை இல்லாம திறந்திருக்கே. எத்தனை பேர் உள்ளே போனாங்க?"

"இருநூத்திப் பதிமூணுங்க."

"உத்தேசமா?"

"இல்லைங்க. காலையில எண்ணினேன்."

இரண்டு அதிகாரிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை பெரிய மாளிகைக்கு ஒரு வருஷமாக ஒரு பார்வையாளர் கூட ஏன் வரவில்லை என்று மேலிடத்தில் கேட்ட கேள்வி ஒன்று, பதில் இல்லாமல் ஏழு மாதமாக வாரியத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பக்தவச்சலத்தின் குரல் மாறியது.

"ஒரே நாளில் இருநூற்றுப் பதின்மூன்று பார்வையாளர்கள்," என்றார் மெதுவாக.

"அதுல காத்தவராயன் ஒருத்தனுங்க. தூக்கிகினு வந்தாங்க."

"அவர் பார்த்தாரா?"

ஜம்புலிங்கம் மண்டபத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"பார்க்காதவரைப் பார்வையாளர்னு எழுத முடியாது. இருநூற்றுப் பன்னிரண்டு."

அந்தச் சமயத்தில், கார்களில் வந்திருந்த நிவாரண அரிசியை வாங்கக் குப்பத்தார் படியருகே கூடியிருந்தார்கள். கூட்டத்தைக் கண்டதும் பக்தவச்சலத்துக்குப் பேச்சு வந்துவிட்டது. எழுந்து நின்றார்.

"ஒரு கட்டடத்தின் பெருமை அதற்குள் யார் இருக்கிறார்கள் என்பதில் இல்லை. பல்லவன் குடைந்த மண்டபங்களில் யாரும் குடியிருக்கவில்லை. அதனால்தான் அவை ஆயிரத்து முந்நூறு வருஷமாக நிற்கின்றன. உங்கள் வீடுகளைப் பாருங்கள். நீங்கள் குடியிருந்தீர்கள், போய்விட்டன. ஆனால் வாரியம் உங்களைக் கைவிடவில்லை. இயற்கை சீறிய வேளையிலும் கலையை நாடி வந்த உங்கள் ரசனையை நான் மேலிடத்துக்கு எழுதுவேன். நாற்பது சிங்கங்களில் முப்பத்தொன்பது உறுதியாக நிற்கின்றன. இது நூற்றுக்குத் தொண்ணூற்றேழரை மதிப்பெண். இதைவிட நல்ல கட்டடம் நம் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது?"

கைதட்டுவதா என்று சிலர் பக்கத்தில் பார்த்தார்கள். அரிசி மூட்டையை இன்னும் பிரிக்காததால் இரண்டு மூன்று பேர் தட்டினார்கள்.

பார்வையாளர் என்றால் கருத்துப் பதிவேடு இருக்க வேண்டும். திருவேங்கடம் காரிலிருந்து ஒரு புத்தம் புதுப் பதிவேட்டை எடுத்து வந்தார். ஒவ்வொருவராக வந்து கட்டடத்தைப் பற்றிக் கருத்துச் சொன்னதும் அரிசி கொடுக்கலாம் என்று ஏற்பாடு. ஒருவர் நல்லா கீது என்றார். திருவேங்கடம் 'மிகச் சிறப்பு' என்று எழுதினார். இன்னொருவர் உள்ள இருட்டு என்றார். 'மர்மமும் மோனமும் நிறைந்த உட்புறம்' என்று எழுதினார். பூவாயியின் முறை வந்தது. அவள் கையில் இன்னும் வளையல் கழற்றிய கீறல் ஆறவில்லை.

"சொல்லும்மா. என்ன தோணுச்சு?"

பூவாயி கட்டடத்தைக் கொஞ்ச நேரம் நிமிர்ந்து பார்த்தாள்.

"கதவு பெருசா கீது," என்றாள். "தொறக்கத்தான் நேரமாச்சி."

'நுழைவாயிலின் பிரமாண்டம் என்னைப் பேச்சற்றவளாக்கியது' என்று எழுதி, அவள் கட்டை விரலை மையில் ஒற்றி எடுத்தார்.

கார்த்திகை கடைசியில் இரண்டு உறைகள் வந்தன. ஒன்றில், சிங்கம் எண் பதினேழு இயற்கைச் சீற்றத்தால் விழுந்தது, அது விழுந்த இடத்தில் அனுமதியின்றி ஒருவர் இருந்தமையால் சிங்கத்தின் சேதம் அதிகமாகியிருக்கலாம், கோப்பு முடிக்கப்படுகிறது என்று இருந்தது. இன்னொன்றில், ஒரே நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பார்வையாளர்களை ஈர்த்தமைக்காக ஜம்புலிங்கத்தின் பணி நிரந்தரமாக்கப்பட்டிருந்தது. குடியிருப்பின் சாவியும் இருந்தது.

அந்தச் சாவியை வைத்துக்கொண்டு அன்று மாலை வரை உட்கார்ந்திருந்தான். பிறகு நாலு தாள் எடுத்து, இரண்டு பக்கமும் எழுதினான். பதினோரு மணிக்கே ஜனங்கள் வந்துவிட்டார்கள். சாவி என்னிடம் இருந்தது. மூன்று மணிக்கு நான் திறந்திருந்தால் காத்தவராயன் உள்ளே இருந்திருப்பான். நான் திறக்கவில்லை. இதற்குத் தண்டனை என்னவோ அதைக் கொடுக்கவும். காரணம் கூற எனக்கு அதிகாரமில்லை என்பதால் காரணம் எழுதவில்லை. கையெழுத்துப் போட்டுச் செங்கல்பட்டுக்கு அனுப்பினான்.

பத்து நாளில் பதில் வந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனான். புயலுக்குப் பிறகு அவன் அந்தப் பக்கமே போகவில்லை. மத்தியானச் சோறு தானே பொங்கிக்கொண்டான். அங்கங்கே புதிதாகக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. பூவாயி தன் கொட்டகைக்கு ஒரு குழி வெட்டி, அதில் சவுக்குக் கொம்பு ஒன்றை நட்டு, தனியாக மண் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு கை கொம்பையும் ஒரு கை மண்ணையும் பார்க்க வேண்டியிருந்ததால் கொம்பு சாய்ந்துகொண்டே இருந்தது.

அவன் கொஞ்சம் தள்ளி நின்றான்.

"அன்னிக்கு சாவி எங்கிட்டதான் இருந்திச்சி," என்றான்.

"தெரியும். இடுப்புல கைய வச்சிகினு நின்னியே. நான் அதயேதான் பாத்துகினு இருந்தேன்."

"நான்தான் தொறக்கலன்னு ஆபீசுக்கு எழுதிப் போட்டேன்."

"இன்னா சொன்னாங்கோ?"

ஜம்புலிங்கம் கடிதத்தை எடுத்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது ஞாபகம் வந்து, தானே சொன்னான்.

"பேப்பர்ல ஒரு பக்கம்தான் எழுதணுமாம்."

பூவாயி மண்ணை ஒரு கை அள்ளிப் போட்டாள்.

"வேல போச்சா?"

"இல்ல. பர்மனெண்டு பண்ட்டாங்க."

கடலில் நாலைந்து கட்டுமரங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கொம்பு மறுபடியும் சாய்ந்தது.

"இத்தப் புடி," என்றாள்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து இரண்டு கையாலும் கொம்பைப் பிடித்தான். அவள் மண்ணைத் தள்ளி, காலால் சுற்றிச் சுற்றி மிதித்தாள். மண் ஈரமாக இருந்ததால் இறுக நேரம் எடுத்தது. போதும் போலிருக்கிறதே என்று அவன் கையைத் தளர்த்தியபோது, நிமிராமலே சொன்னாள்:

"இன்னும் வுடாத."